'நல்ல கண்டிஷன்' என்று மட்டும் போட்டால் யார் வாங்குவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார், உதிரிபாகம் என்று வரும் வரி விளம்பரங்களை ஒன்று விடாமல் படிக்கிற ஆள் நான். அவ்வப்போது அதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் விற்பனைக்கு வரும். 'அரிய எஞ்சின், நல்ல கண்டிஷன், உண்மையான ஆர்வலர்கள் மட்டும் அழைக்கவும்.' அவ்வளவுதான் விளம்பரம். ஆர்வலர்கள் மட்டும் அழைக்கட்டும் என்கிறவர், அந்த ஆர்வலர் போனை எடுத்ததும் என்ன கேட்பார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். விற்பவரும் பத்துப் பேருக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சலித்து, வாங்குபவரும் நம்பாமல் விலகி, கடைசியில் எஞ்சின் எடைக்குப் போகிறது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

இந்த மாதிரி எஞ்சினைத் தேடி வருகிறவரிடம் ஏற்கெனவே ஒரு கார் இருக்கும். அதன் எஞ்சின் உடைந்து போயிருக்கும், அல்லது முன்னால் வைத்திருந்த யாரோ கைக்குக் கிடைத்த வேறு எஞ்சினை மாட்டி ஓட்டியிருப்பார்கள். காரோடு பிறந்த எஞ்சின் கிடைக்காவிட்டாலும் அந்த வருடத்து எஞ்சினாவது கிடைக்காதா என்று மனிதர் அலைந்துகொண்டிருப்பார். ஆகவே அவர் கேட்கும் முதல் கேள்வி நம்பர் என்ன என்பதுதான். ஓடுமா ஓடாதா என்பதெல்லாம் அப்புறம்.

ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் எக்ஸ்கே120 காரோடு வெளிவந்த ஆறு சிலிண்டர், இரட்டை கேம் எஞ்சின் அது. 3.4, 3.8, 4.2 லிட்டர் என்று பல அளவுகளில் 1992 வரை தயாரானது. ஸ்போர்ட்ஸ் காரில் மட்டுமா போட்டார்கள்? சலூன் என்கிற குடும்பக் கார்களிலும் அதுதான், டெய்ம்லர் லிமோசினிலும் அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஜாகுவாரின் இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 3.8 லிட்டர் என்றால் எஞ்சின் எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். முதல் சீரிஸ் 4.2 என்றால் '7இ'. எண்ணின் கடைசியில் ஒரு கோடு போட்டு 8 அல்லது 9 என்றிருந்தால் அது கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது. இந்த எண்ணை சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் அடித்திருப்பார்கள், அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அடித்திருப்பார்கள், காரில் தயாரிப்பாளர் பொருத்திய தகட்டிலும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போனால் அந்த எஞ்சினுக்கு ஒரு மதிப்பு, ஹெட் மட்டும் வேறு காருடையது என்றால் வேறு மதிப்பு, சலூனிலிருந்து இறக்கியது என்றால் இன்னொன்று. சலூன் எஞ்சினுக்கும் ஆள் உண்டு, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்லாமல் விற்றால்தான் சண்டை.

சொன்னால் சிரிப்பீர்கள், விற்பதற்கு முன்னால் எஞ்சினைப் 'புதுசாக்க' ஸ்ப்ரே பெயின்ட் அடித்து அந்த எண்ணையே மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயர் பிரஷ், கிரைண்டர் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால், தேய்ந்த எழுத்துகூட நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். வாங்குகிறவர் இந்தப் படத்தைப் பெரிதாக்கி எண்ணை மட்டும் பார்க்க மாட்டார், எண்ணைச் சுற்றியிருக்கும் உலோகத்தையும் பார்ப்பார். செவ்ரோலே கார்வெட்டில் பிளாக்கின் முன்புறம் ஹெட்டை ஒட்டி ஒரு சின்ன மேடை இருக்கும், எண் அங்கேதான். தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவிய கருவியின் மெல்லிய கோடுகள் அந்த மேடையில் முன்னிருந்து பின்னாக ஓடும். பிற்பாடு யாராவது மேல்முகத்தை மறுபடி சீவிச் சமன் செய்தால் கோடும் போகும், எண்ணும் போகும். கோடே இல்லாத வழவழப்பான முகத்தில் புதிதாக எண் அடித்து ஒரிஜினல் என்று விற்பது நடக்கத்தான் செய்கிறது. அதைத் திறமை என்று பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சுத்தமான மோசடி அது, வேறு பெயர் எதற்கு?

இன்னொன்று. இந்த எஞ்சின் எந்தக் காரிலிருந்து இறங்கியது என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கார் இன்னும் எங்கோ ஓடுகிறது என்றால், முதலில் அதன் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. அவரை விட அதிகம் கொடுக்கிறவர் அநேகமாக வர மாட்டார். பல நாடுகளில் பதிவுச் சான்றிதழிலேயே எஞ்சின் எண் இருக்கும்; எஞ்சின் எப்படி வந்தது, எங்கிருந்து வாங்கியது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தால் வாங்குகிறவர் தன் பெயருக்குப் பதிவு செய்யும்போது அலைய வேண்டியிருக்காது.

சரி, கண்டிஷனுக்கு வருவோம். எஞ்சின் தரையில் இறங்கிக் கிடக்கிறது என்றால் அது சுற்றுகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, முன்னால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நட்டில் ஸ்பேனரைப் போட்டு, ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடும். அரைச் சுற்றில் நின்றுகொண்டு 'ஃப்ரீயாகச் சுற்றுகிறது' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஜாம் ஆகியிருந்தால் நீளமான பைப்பை மாட்டி முறுக்காதீர்கள். பிளக் துவாரம் வழியாக எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், அப்படியும் அசையவில்லை என்றால் ஜாம் என்றே எழுதி விற்றுவிடுங்கள். ஜாம் ஆன எஞ்சினை வாங்க ஆள் இருக்கிறார்கள், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்த எஞ்சினை வாங்கத்தான் ஆள் குறைவு.

இன்னும் காரிலேயே இருக்கிறது, ஓடுகிறது என்றால் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள் அழுத்தம்) கேஜ் வைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே, திராட்டில் வால்வை முழுக்கத் திறந்து. ஒரு சிலிண்டரில் எவ்வளவு காட்டுகிறது என்பதை விட எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்பதுதான் விஷயம். வீடியோ எடுப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாக எடுக்கிறார்கள். ஸ்டார்ட் செய்வதை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காட்ட வேண்டும், ஆயில் பிரஷரை நன்றாகச் சூடான பிறகு காட்ட வேண்டும். குளிர்ந்த கெட்டி ஆயிலில் தேய்ந்த பேரிங் கூட நல்ல பிரஷர் காட்டும், இது பழைய கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், உங்கள் வீடியோவைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

'முழுக்க ரீபில்ட் செய்தது' என்கிற வாசகத்தையும் அப்படியே யாரும் நம்ப மாட்டார்கள். யார் செய்தார், என்னென்ன மாற்றினார், பில் இருக்கிறதா? தேய்ந்த சிலிண்டரை எவ்வளவு அகலமாகக் குடைந்து ரீபோர் செய்தார்கள் என்பது பெரும்பாலும் பிஸ்டன் தலையிலேயே 020, 030 (அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 30 பங்கு) என்று பொறித்திருக்கும், பேரிங் ஷெல்லின் முதுகிலும் அளவு இருக்கும். ஏற்கெனவே கடைசி அளவு வரை போய்விட்ட பிளாக் என்றால் அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புதுக் குழாய்) போட வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு உரிமை இருக்கிறது.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு ஊரறிந்த குறை இருக்கும். டிரையம்ஃப் டிஆர்6 என்றால் கிராங்க்கை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர். அது தேய்ந்து கழன்று விழுந்தால் கிராங்க் முன்னும் பின்னும் ஆடி பிளாக்கையே தின்றுவிடும், ஆகவே கிராங்க் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து சொன்னால் பாதிப் பேச்சு முடிந்தது. போர்ஷே 911-இல் 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் என்றால் மெக்னீசியம் கிராங்க்கேஸிலிருந்து ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் போல்ட் பிடுங்கிக்கொண்டு வருவது. லோட்டஸ் ட்வின் கேம் என்றால் வாட்டர் பம்ப். அது முன்பக்க மூடிக்குள்ளேயே அமைந்திருப்பதால் அதை மாற்ற ஹெட்டையும் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பையும் கழற்ற வேண்டும். எம்ஜிபி காரில் 1962-இல் வந்த 1798 சிசி எஞ்சினுக்கு கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று, 1964 கடைசியிலிருந்து ஐந்து; கொள்ளளவை மட்டும் எழுதினால் எது என்று யாருக்குத் தெரியும்? கேட்பவர் எப்படியும் இதைத்தான் கேட்கப்போகிறார், நாமே சொல்லிவிட்டால் பேரம் பேச அவர் கையில் எதுவும் மிஞ்சாது.

கூட என்னென்ன வருகிறது என்பதும் முக்கியம். கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஃப்ளைவீல், முன்பக்கப் புல்லி, அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சின்னச் சின்ன பிராக்கெட்டுகள். 3.8 இ-டைப்புக்கு எஸ்யூ கம்பெனியின் மூன்று கார்புரேட்டர். பிற்பாடு அமெரிக்காவுக்குப் போன கார்களில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்தான் இருந்தது, அந்தக் காரை வைத்திருப்பவர்கள் மூன்று எஸ்யூ செட்டுக்கு ஏங்குவார்கள். அதனால் கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றி விற்கும் ஆசை வரும். விற்பது உங்கள் இஷ்டம், ஆனால் மொட்டையாக நிற்கிற எஞ்சினை அதற்குப் பிறகு விற்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டைத் தேடி வருடக்கணக்கில் நின்றுபோன கார்கள் இருக்கின்றன.

அனுப்பும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில், தண்ணீர், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் எல்லாம் வடிய வேண்டும். பெட்ரோல் எஞ்சின் சரக்குப் போக்குவரத்தில் அபாயப் பொருள் பட்டியலில் வருவது. திறந்த துவாரங்களைத் துணி அடைத்து மூடாமல் மூடி போட்டோ டேப் ஒட்டியோ மூடுங்கள், உள்ளே போன துணியை யாரும் திரும்ப எடுப்பதில்லை. எக்ஸ்கே மாதிரி எஞ்சின் கால் டன்னைத் தாண்டும், அதை அலுமினிய சம்ப்பின் மேல் உட்கார வைத்து அனுப்பினால் சம்ப் விரிசலோடுதான் போய்ச் சேரும். மவுண்டிங்கில் தாங்கும்படி மரச்சட்டம் செய்ய வேண்டும். வெளிநாடு என்றால் அந்த மரம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவையும் வரி விளம்பரத்தில் எப்படி எழுதுவது என்று கேட்கலாம். நான் விற்பவனாக இருந்தால் இப்படிக் கொடுப்பேன்: 'ஜாகுவார் 4.2 எஞ்சின், இ-டைப் முதல் சீரிஸ். பிளாக் எண் 7இ-யில் தொடங்கி 9-இல் முடிகிறது, ஹெட்டில் எண் வேறு. கையால் இரண்டு சுற்று சுற்றுகிறது, ஓட்டிப் பார்த்ததில்லை. மூன்று எஸ்யூ, மேனிஃபோல்டு, ஃப்ளைவீல் உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. எண்ணின் படம் கேட்டால் அனுப்பப்படும்.'

இப்படிக்கு,
வரி விளம்பரம் படிக்கும் வாசகர்