ஃபார்ஹாவைக் கோழை என்பது சரியன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரில், 839 பேர் கலந்துகொண்ட முதன்மைப் போட்டியின் இறுதிக் கட்டம் குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், ஒரு ஜோடிகூடச் சேராத கையோடு தம்மிடமிருந்த சிப்ஸ் (பந்தய வில்லைகள்) முழுவதையும் நடுவே தள்ளி, அனுபவசாலியான சாம் ஃபார்ஹாவைச் சீட்டைக் கவிழ்த்து விலக வைத்ததைக் கட்டுரையாளர் சுவையாகவே எழுதியிருந்தார். ஆனால் ஃபார்ஹாவைக் 'கோழை' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அன்றிரவே, தீபாவளிக்கு வாங்கிய சீட்டுக்கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அந்த ஆட்டத்தை அப்படியே அடுக்கிப் பார்த்தேன். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டீன் ஏழும்; ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டீன் ஒன்பதும். நடுவில், இருவருக்கும் பொதுவாக, இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. நான்காவதாக இஸ்பேட் எட்டு விழுந்தது. ஒன்பது ஜோடியுடன் முந்தியிருந்த ஃபார்ஹா 3 லட்சம் சிப்ஸ் வைக்க, மணிமேக்கர் அதை 8 லட்சமாக உயர்த்தினார். கட்டுரை தாண்டிப் போய்விட்ட இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. மிச்சமிருந்த 44 சீட்டுகளையும் விரித்து எண்ணினேன்: ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே இனம்) தரும் இஸ்பேட் சீட்டுகள் எட்டு, ஸ்ட்ரெயிட் (ஐந்து சீட்டும் அடுத்தடுத்த எண்கள்) தரும் மற்ற இனங்களின் ஐந்தும் பத்துமாக ஆறு, பெரிய ஜோடி தரும் ராஜாக்கள் மூன்று. ஆக 17 சீட்டுகளில் எது வந்திருந்தாலும் மணிமேக்கருக்கே வெற்றி. ஐந்தாவதாக வந்த ஆட்டீன் மூன்று அந்தப் பதினேழில் சேராததால்தான், நான்காம் சீட்டில் உண்மையான பலத்தோடு தொடங்கியது கடைசியில் வெறும் பாவனையாக முடிந்தது.

இப்போது ஃபார்ஹாவின் நாற்காலியில் அமர்ந்து பார்ப்போம். எதிராளியிடம் இரண்டு இஸ்பேட் இருந்தால் ஃப்ளஷ். பத்தும் ஏழும், அல்லது ஏழும் ஐந்தும் இருந்தால் ஸ்ட்ரெயிட். எட்டு லட்சத்துக்கு உயர்த்தியவர் அடுத்து ஆல் இன் (கையிலுள்ள சிப்ஸ் அனைத்தும் பந்தயம்) என்றும் சொல்லும்போது, ஒன்பது ஜோடியால் ஏறத்தாழ பொய்யை மட்டுமே வெல்ல முடியும். துணிந்து போகலாம் என்று சொல்ல அவரிடம் இருந்த நல்ல துப்பு அந்த இஸ்பேட் ராணிதான். அது தம் கையிலேயே இருந்ததால், எதிராளியிடம் இரண்டு இஸ்பேட் சேரக்கூடிய வழிகள் 45இலிருந்து 36ஆகக் குறைந்திருந்தன. ஃப்ளஷ் வராமல் போய்விட்டதா என்று அவர் வாய்விட்டே கேட்டார். சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுந்தது. ஆனால் மேசையோரக் கேமரா நமக்குக் காட்டிய சீட்டுகளை அவர் பார்க்கவில்லை. பார்த்த நாம் அவரைக் கோழை என்பது எந்த வகையில் நியாயம்?

மணிமேக்கரின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 25 லட்சம் டாலர் பரிசு கண்முன் நிற்கும்போது முகத்தில் சலனம் காட்டாமல் உட்கார்ந்திருப்பது எளிதன்று. எனினும், நம் பிள்ளைகளும் படிக்கும் பதிப்பு அது என்பதால், அந்த நான்காம் சீட்டையும் 17 என்ற எண்ணையும் அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தமாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செந்தூல், கோலாலம்பூர்.