"வண்டி வந்துட்டே இருக்கு" என்ற சொல்லுக்குப் பொறுப்பு யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸ் தாமதம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாலை நெரிசல், வண்டிப் பற்றாக்குறை எல்லாம் விரிவாக இருந்தது. நம் அழைப்பை எடுத்துப் பேசுகிறவரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையிலும், அந்தப் பேச்சை நம்பி ஒரு உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தான் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

என் அக்கா கணவருக்கு ஓர் இரவு நெஞ்சு வலி வந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டார். மாமாவைத் தூக்கப் போன நேரத்தில், "வண்டி வந்துட்டே இருக்குங்க, பேஷன்ட்டை அசைக்காதீங்க" என்றது போனில் ஒரு குரல். காரை ஓரம் கட்டினோம். இன்னும் இரண்டு முறை கேட்டோம், அதே பதில். எங்கள் ஊர் பெயர் புதூர். திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை புதூர் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எந்த ஒன்றியம், எந்த ஊருக்குப் பக்கம் என்று அந்தக் குரல் கேட்கவில்லை, பதற்றத்தில் எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வண்டி வேறொரு புதூருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது மாமா இல்லை.

வண்டி தாமதமானதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. வாசலில் நின்ற காரை நாங்கள் விட்டோமே, அதற்குக் காரணமான சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதே கேள்வியை ஆங்கிலேய நீதிமன்றம் ஒன்று விசாரித்திருக்கிறது. 1991 பிப்ரவரியில் லண்டனில் ஆஸ்துமா முற்றிய ஒரு கர்ப்பிணிக்காக அவருடைய மருத்துவரே ஆம்புலன்ஸை அழைத்தார். வண்டி வர 40 நிமிடம் ஆனது. இடையில் மறுபடி மறுபடி கேட்டபோது, வந்துகொண்டிருக்கிறது என்றே கட்டுப்பாட்டு அறை சொன்னது. அந்தப் பெண்ணுக்கு மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டது, கருவும் கலைந்தது. இவ்வளவு நேரமாகும் என்று தெரிந்திருந்தால் கணவரின் காரிலேயே அனுப்பியிருப்பேன் என்றார் மருத்துவர். அழைப்பை ஏற்று வண்டி அனுப்புவதாகச் சொன்ன பிறகு, நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு ஆம்புலன்ஸ் சேவை இழப்பீடு தர வேண்டும் என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழுந்தது. அதுதான் சரி.

நம் நாட்டில் அது எங்கே விழும்? 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டுதான் இருந்தது. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்த தவறானால் இன்றும் இரண்டு ஆண்டுதான். கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போன் மாட்டி அழைப்பை எடுப்பவர் மருத்துவர் அல்ல. ஆகவே அவர் மீது வழக்கு வந்தால் ஐந்து ஆண்டுப் பிரிவுதான் பொருந்தும். டாக்டர்களைச் சட்டென்று கைது செய்யக்கூடாது, முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தந்த பாதுகாப்பும் இவருக்காக எழுதப்பட்டதல்ல. விபத்தில் உதவுவோரைக் காக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பலன் கருதாமல் உதவுகிறவருக்கானது. இவரோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஆக, அந்த அறையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பும் குறைவு. அன்று எங்களிடம் பேசியவருக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது என்று குரலிலேயே தெரிந்தது. அந்தப் பையன் சிறைக்குப் போவதால் அக்காவுக்கு என்ன கிடைக்கும்? ஒரே பெயரில் பல ஊர் இருந்தால் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித் தராத நிர்வாகம் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

பாதிக்கப்பட்டவர் பக்கமும் வழி சுலபமாக இல்லை. காசு கொடுத்துப் பெறும் சேவையானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதுவும் இரண்டு ஆண்டுக்குள். துக்கத்தில் இருந்த அக்கா அந்தக் கெடுவைத் தவறவிட்டார். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகத் தரும் சேவை என்றால் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 இலவச சேவை. எத்தனையோ தாய்மார்களைப் பிரசவத்துக்குக் கொண்டுசேர்த்த அந்தச் சேவையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு தவறு நேர்ந்தால் ஏழைக்குக் கிடைப்பது சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இரண்டும் எத்தனை வருடம் இழுக்கும் என்பதைக் வழக்குக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் அறிவேன்.

மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று அறிந்து நோயாளியை உடனே அங்கே அனுப்ப, மையத் தகவல் தொடர்பு வேண்டும் என்றும் சொன்னது. உயிர் காப்பது அரசின் கடமை என்றால், அதற்காகப் பேசும் குரலும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

ஆகவே அரசுக்கு என் வேண்டுகோள்: எழுதிவைத்த நடைமுறைப்படி நல்லெண்ணத்துடன் பேசிய ஊழியர் மீது குற்ற வழக்கு கூடாது, சேவையை நடத்துகிற நிறுவனமும் அரசும் இழப்பீட்டை ஏற்க வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது "தெரியவில்லை, காரிலேயே கிளம்புங்கள்" என்று சொல்ல அந்த ஊழியருக்கு அனுமதி வேண்டும். மரணம் நேர்ந்தால் அழைப்பின் ஒலிப்பதிவை, குடும்பம் விண்ணப்பித்த உடனே தர வேண்டும். நாங்கள் கேட்டபோது, அது உள் ஆவணம், வெளியே தர முடியாது என்றார்கள். மாமா பின்னால் முனகுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. அவருடைய குரல் கடைசியாகப் பதிவானது அதில்தான். அதைத் தரும்படி அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
ஒட்டன்சத்திரம்