எல்லா சார்ஜும் கட்டணம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மும்பையில் பழைய ஃபிளாட் வாங்குவோருக்காகத் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், 'ஃபிளாட் மீது கட்டணம் ஏதும் உள்ளதா என்று பார்க்கவும்' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் 'சார்ஜ்' என்று இருந்ததை அப்படியே கட்டணமாக்கிவிட்டார்கள். இதைப் படிப்பவர் சொசைட்டியில் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். வீடு வங்கிக் கடனுக்கு ஈடாக நிற்பது அவருக்குத் தெரியாமலே போகும். திருத்தம் வெளியிடுங்கள்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 100ஆம் பிரிவில் இதற்கு இலக்கணம் சொல்கிறது. ஒருவருடைய அசையாச் சொத்து இன்னொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக நிற்க வேண்டும். ஆனால் அது அடமானமாக இருக்கக் கூடாது. அதுதான் சார்ஜ். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமோ அடமானத்தையும் சேர்த்தே சார்ஜ் என்கிறது. ஆகவே 'அடமானம்' என்று எழுதினாலும் எல்லா இடத்திலும் ஒட்டாது. வாசகருக்கு எழுதும்போது 'வில்லங்கம்' போதும். நுணுக்கம் தேவைப்பட்டால் 'கடன் பொறுப்பு' எனலாம்.

ஊரில் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்தால் போதும் என்ற பழக்கத்தோடு இங்கே வருபவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். மும்பையில் வக்கீலை வைத்து, வழக்கமாக 30 ஆண்டுகளுக்கு, இண்டெக்ஸ்-2 (பதிவான பத்திரங்களின் சுருக்கக் குறிப்பு) பதிவுகளைத் தேடி சர்ச் ரிப்போர்ட் வாங்குவார்கள். அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் இந்தத் தேடலில் நழுவக்கூடும். அப்படிக் கடன் வாங்கியவர் 30 நாளுக்குள் சார்பதிவாளரிடம் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது மகாராஷ்டிர விதி. அந்த அறிவிப்பையும், கடன் ஈடுகளைப் பதியும் செர்சாய் என்கிற மத்தியப் பதிவகத்தின் இணையதளத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

விற்பவர் பில்டர் கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் சார்ஜ் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே 'ஓப்பன்' அல்லது 'சாட்டிஸ்ஃபைடு' என்றிருக்கும். பின்னதற்குக் கடன் தீர்ந்தது என்று பொருள். திருப்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடனை அடைத்த பிறகும், அதைத் தெரிவிக்கும் சிஎச்ஜி-4 படிவம் தாக்கல் செய்யாவிட்டால் 'ஓப்பன்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது கடன் கொடுத்த வங்கியின் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிய பிறகு பில்டர் அந்த வீட்டின் மேல் புதிதாகக் கடன் ஏற்றினால், அது வாங்கியவரின் உரிமையைப் பாதிக்காது என்கிறது 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்துவது), பிரிவு 11(4)(எச்).

இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை வேடம் எப்படி வந்தது? வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'கார்கோ'வும் அதே குடும்பம். தமிழிலும் குற்றத்தைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், பொறுப்பைத் தலையில் சுமத்துகிறோம். எதன்மேல் என்ன சுமை ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டால் பாதி மொழிபெயர்ப்பு முடிந்துவிடும்.

நீதிமன்றச் செய்திகளில் குழப்பம் இன்னும் அதிகம். போலீஸ் முதலில் பதிவதும், விசாரித்து முடித்துத் தாக்கல் செய்வதும், நீதிபதி வனைவதும் (வகுத்து எழுதுவதும்) மூன்று வேறு காரியங்கள். முதலாவது முதல் தகவல் அறிக்கை, அடுத்தது குற்றப்பத்திரிகை, மூன்றாவதுதான் சட்டம் சொல்லும் 'சார்ஜ்', அதாவது குற்றச்சாட்டு. தேதியை மாற்றிப் போட்டால் ஜாமீன் கணக்கே தப்பாகிவிடும். விசாரணைக் காவலில் இருப்பவர்மேல் 60 நாளுக்குள், கடுமையான குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் அவர் ஜாமீன் கேட்பது உரிமை (2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 187). குற்றச்சாட்டு வனையும் நாளுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. 'டிஸ்சார்ஜ்' செய்யப்பட்டவரை 'விடுதலை' என்று எழுதுவதும் தவறு. விசாரணைக்கே முகாந்திரம் இல்லை என்று அனுப்புவது விடுவிப்பு; விசாரணை முடிந்து குற்றமற்றவர் என்று தீர்ப்பளிப்பதுதான் விடுதலை.

லண்டன் செய்தி என்றால் வேறு கணக்கு. அங்கே போலீஸ் நிலையத்திலேயே 'சார்ஜ்' செய்துவிடுவார்கள். அதை 'குற்றஞ்சாட்டி வழக்குத் தொடரப்பட்டது' என்று எழுதலாம்.

கட்டணமாக வரும் சார்ஜிலும் கவனம் வேண்டும். மும்பை மின்பில்லில் நிலைக் கட்டணம், யூனிட் கட்டணம், வீலிங் கட்டணம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். வீலிங் என்பது மின்சாரம் வந்து சேரும் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான பணம். சக்கரம் எதுவும் சுழல்வதில்லை. கீழே வரும் மின்வரியை இவற்றோடு சேர்க்கக் கூடாது, அது வரி. சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம், ஈடு சொல்லாமல் வாங்குவது வரி என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடம் வழக்கில் எடுத்துச் சொன்னது. அன்றைய சென்னை மாநில அறநிலையச் சட்டம்தான் அதற்குக் காரணமாக இருந்தது.

அறிவியல் பக்கத்துக்கு ஒன்று: 'பேட்டரியில் மின்னூட்டம் சேமிக்கப்படுகிறது' என்று எழுதாதீர்கள். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியிலும் நிகர மின்னூட்டம் பூஜ்யம்தான். லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம் பெயர்ந்திருக்கின்றன, சேர்ந்திருப்பது ஆற்றல். எலக்ட்ரானுக்கு இருப்பது மின்னூட்டம், போனுக்குப் போடுவது மின்னேற்றம். (இலங்கைப் பாடநூல்களில் எலக்ட்ரானுக்கு இருப்பதையே 'ஏற்றம்' என்பார்கள். அங்கிருந்து எடுத்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.)

பட்ஜெட் நாளன்று 'சார்ஜ்டு' செலவு என்று வரும். அரசியல் சட்டம் 112(3) குறிப்பிடும் குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசுக் கடனுக்கான வட்டி போன்றவை இவை. 'நிதியத்தின் மீது சார்த்தப்பட்ட செலவு' என்று மட்டும் போட்டால் யாருக்கும் விளங்காது. பக்கத்திலேயே, நாடாளுமன்றம் இதை விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது என்று அரை வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை