பீப்பாயை அளக்க மீட்டர் இருக்கிறது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். வராததற்கு நீ திட்டியதை அப்படியே வாங்கிக்கொள்கிறேன். கயானாக் கடலில் எண்ணெய் இறைக்கிற கப்பலில் அளவு பார்க்கிறவன் நான்; மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் கப்பலை விட்டு இறங்க முடியாத வேலை, வேறு என்ன சொல்ல. ஊருக்கு வந்ததும் மாப்பிள்ளையைப் பார்த்து மொய்யைக் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "நூறு பீப்பாய் எடுத்தால் பதினாலரைதான் கயானாவுக்காமே, புத்தியுள்ளவன் எவனாவது இதில் கையெழுத்துப் போடுவானா?" என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரிதான். ஸ்டாப்ரூக் பிளாக் என்பது தென் அமெரிக்காவில் இருக்கிற இந்த நாட்டின் கடலில் எண்ணெய் எடுக்கக் கம்பெனிகளுக்குக் கொடுத்த பகுதி. அதன் ஒப்பந்தப்படி அரசுக்கு ராயல்டி 2 சதவீதம். எடுக்கிற எண்ணெயில் 75 சதவீதம் வரை கம்பெனிகள் தங்கள் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 25 அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஆளுக்குப் பாதி. பன்னிரண்டரையும் இரண்டும் பதினாலரை. இன்னொரு கூத்தும் உண்டு. கம்பெனிகள் கட்ட வேண்டிய வருமான வரியை, அரசாங்கமே தன் பங்கிலிருந்து கட்டியதாக எழுதி, ரசீதையும் அவர்களுக்கே கொடுக்கிறது. உன் கிளையண்ட் எவராவது இப்படி ஒரு ஏற்பாடு கேட்டால் நீ அவரை வாசலோடு அனுப்பிவிடுவாய்.

கையெழுத்துப் போட்ட கதை இரண்டு காலத்தைச் சேர்ந்தது. முதல் ஒப்பந்தம் 1999-இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸானோடு. அப்போது இந்தக் கடலில் எண்ணெய் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பாதிப் பங்கு வைத்திருந்த ஷெல் கம்பெனியே 2014-இல் 'வேண்டாம்' என்று விலகிப்போனது. மறு வருஷம் மே மாதம், 1,743 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் லிசா-1 கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய் ஊறிய மணற்பாறையே சுமார் 90 மீட்டர் கனம். ஷெல்காரர்களுக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரியும். இப்போது எக்ஸானுக்கு 45, சீனாவின் சிநூக்குக்கு 25, மீதி 30 ஹெஸ் கம்பெனியினுடையது. அந்த ஹெஸ்ஸை செவ்ரான் 2025-இல் வாங்கிவிட்டது.

ஆகவே 1999-ஐ நான் குறை சொல்லமாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் பணத்தைக் கொட்டுகிறவன் சலுகை கேட்கத்தான் செய்வான். 2016-ஐத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எண்ணெய் இருப்பது உலகத்துக்கே தெரிந்த பிறகு, புதிய அரசாங்கம் உட்கார்ந்து புதிதாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. அதற்குக் கிடைத்த 1.8 கோடி டாலர் போனஸைக்கூட 2017 கடைசி வரைக்கும் மக்களிடம் சொல்லவில்லை. ஒப்பந்தமே அப்போதுதான் வெளியே வந்தது. பாடம் படித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்: புதிய பிளாக்குகளுக்கு ராயல்டி 10 சதவீதம், செலவுக்காகக் கழிக்கிற வரம்பு 65 சதவீதம், கம்பெனி வரி 10 சதவீதம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஸ்டாப்ரூக்கைத் தொடமாட்டோம், போட்ட கையெழுத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் ஆட்சியில் இருப்பவர்கள்.

இத்தனை சொன்ன பிறகும், என் மனதில் உறுத்துவது அந்தப் பதினாலரை இல்லை. நான் பார்க்கிற வேலையிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

ஒரு டேங்கருக்கு ஏற்றுவது சுமார் பத்து லட்சம் பீப்பாய். டேங்கர் எங்கள் கப்பலின் பின்பக்கம் வந்து தடித்த கயிற்றில் கட்டிக்கொள்ளும். மிதக்கும் குழாயை மாட்டியதும் என் மீட்டர்கள் ஓட ஆரம்பிக்கும். மீட்டர் சொல்வதை அப்படியே நம்பிவிடமாட்டோம். புரூவர் என்று வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது, அதன் கொள்ளளவு துல்லியமாகத் தெரியும். அதற்குள் ஒரு பந்து ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்கு எண்ணெயோடு ஓடும். அந்த நேரத்தில் மீட்டர் எத்தனை துடிப்பு எண்ணியது என்று பார்ப்போம். தொடர்ந்து ஐந்து ஓட்டம் 0.05 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வெயிலில் எண்ணெய் விரியும் என்பதால் எல்லாவற்றையும் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கணக்குப் போட்டு மாற்றுவோம். சாம்பிள் எடுத்து அதில் எத்தனை துளி தண்ணீர் என்று கழிப்போம். அரசாங்கத்தின் அளவைத் துறை ஆட்களும் வரித்துறை ஆட்களும் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்கி வழியாமல் அத்தனை கேள்வி கேட்கிற ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

எண்ணெய்க்கு இவ்வளவு காவல். ஆனால் அந்த எண்ணெயில் முக்கால் பங்கைத் தூக்கிக்கொண்டு போகிற செலவுக் கணக்குக்கு? அதை ஓட்டிப் பார்க்க எந்தப் புரூவரும் இல்லை. கம்பெனி எழுதுகிறது, அரசு பின்னால் தணிக்கை செய்கிறது. அதற்கும் இரண்டு வருஷம்தான் கெடு. 1999 முதல் 2017 வரையான சுமார் 167 கோடி டாலர் செலவை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை வைத்துத் தணிக்கை செய்தார்கள். அதில் 21.4 கோடி டாலருக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று வந்தது. பேச்சுவார்த்தையில் அது 30 லட்சமாகச் சுருங்கியது என்று 2023-இல் செய்தி வரவும் பத்திரிகைகளெல்லாம் கொதித்தன. அப்படிக் குறைக்கப் பேச்சுவார்த்தை நடத்திய அதிகாரிக்கு அதிகாரமே இல்லை, 21.4 கோடிதான் என்றது அரசாங்கம். 21 கோடியா 30 லட்சமா என்பதே ஒரு மேஜையில் பேசி முடிவாகிற விஷயம் என்றால், சதவீதத்தைப் பற்றிச் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்?

போதாததற்கு, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கணக்கு கிடையாது. லிசாவில் வருகிற வருமானத்திலிருந்தே அடுத்த திட்டத்தின் செலவைக் கழித்துக்கொள்ளலாம். அடுத்து வருகிற உவாரு திட்டம் ஒன்றுக்கே 1,270 கோடி டாலர், விப்டெயில் திட்டத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. பழைய கடன் அடைகிற நேரத்தில் புதிய செலவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நாளைக்கு எட்டு லட்சம் பீப்பாய்க்கு மேல் இறைக்கிற நான்கு கப்பல்கள் நிற்கின்றன, நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். தலைக்கு ஒரு பீப்பாய்! கேட்கிறவர்கள் இங்கே தெருவெல்லாம் டாலர் கொட்டுகிறது என்று நினைப்பார்கள்.

தலைநகர் ஜார்ஜ்டவுனில் கரண்ட் போகிறது, சேகர். அதுவும் அடிக்கடி. 2024-இல் ஒரு துருக்கிக் கம்பெனியின் மின்சாரக் கப்பலை வாடகைக்கு எடுத்து பெர்பீஸ் ஆற்றில் கட்டிவைத்தார்கள். கடலிலிருந்து எரிவாயுக் குழாய் போட்டாயிற்று, அது வந்து முடிகிற இடம் வேல்ஸ், மூடிப்போன சர்க்கரை எஸ்டேட். அங்கேதான் மின்நிலையம் கட்டுகிறார்கள். இப்படி எஸ்டேட்டுகளை மூடியபோது வேலை போன ஆயிரக்கணக்கானவர்களில், அந்தக் காலத்தில் நம் ஊரிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த கூலிக்காரர்களின் வாரிசுகளும் உண்டு. பெர்பீஸ் பக்கம் போனால் மாரியம்மன் பூசை, தப்பு அடிக்கிற சத்தம் எல்லாம் கேட்கலாம். இங்கிருந்து வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய சுழல் பந்து வீச்சாளர் பெயர் வீரசாமி பெருமாள் என்றால் நீயே புரிந்துகொள். அதே ஆட்களின் பிள்ளைகள் சிலர் இப்போது எங்கள் கப்பலில் கிரேன் ஓட்டுகிறார்கள். சாலை, பாலம், ஆஸ்பத்திரி என்று எண்ணெய்ப் பணத்தில் கட்டுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கூடவே வீட்டு வாடகையும் ஏறிவிட்டது. அதற்கு எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும் ஒரு காரணம்.

வெனிசுவேலா பற்றி உன் வீட்டம்மா பயப்படுவதாக எழுதியிருந்தாய். 2025 மார்ச்சில் அவர்களுடைய ரோந்துக் கப்பல் ஒன்று எண்ணெய் இறைக்கிற 'புராஸ்பெரிட்டி' கப்பலுக்குப் பக்கத்தில் வந்து, இது தகராறில் இருக்கிற சர்வதேசக் கடல் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போனது. நான் இருப்பது வேறு கப்பலில். இரண்டு நாட்டுக்கும் இடையிலான எல்லை வழக்கு ஹேக்கில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்தில் நடக்கிறது. தைரியமாக இருக்கச் சொல்.

இப்போது உனக்கு ஒரு வேலை. அந்த ஒப்பந்தத்தில் 'சி' என்று ஒரு இணைப்பு இருக்கிறது, எதையெல்லாம் செலவு என்று எழுதலாம் என்கிற கணக்கு விதிகள் முழுக்க அதில்தான். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் படித்தால் தூக்கம்தான் வருகிறது. தலைமை அலுவலகச் செலவு, துணைக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிற கூலி இந்த இரண்டு பகுதியையும் மட்டும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பார். இந்தக் கணக்குக்கு நீ ஆடிட்டராக இருந்தால் முதல் கேள்வி எங்கே கேட்பாய் என்று எழுது. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசி.

அன்புடன்,
மூர்த்தி