செயின் வண்டி வாங்கப்போகிற மச்சானுக்கு

திருகோணமலை
சித்திரை 5

மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் பிள்ளைகளும் நலமென்று தங்கச்சி சொன்னாள். உன் கடிதம் வந்து நாலு மாதம். பதில் போடாததற்கு வேலையைச் சாட்டாகச் சொல்ல மாட்டேன். நீ வாங்கப்போகிறேன் என்று அனுப்பிய சம்சன் வண்டியின் படத்தை, பிரித்தானிய இராணுவம் புதைந்த வண்டிகளை இழுக்க வைத்திருந்த அந்தச் செயின் வண்டியை, பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதுதான் காரணம்.

பச்சை நிறம், செயின், மேலே இரும்பு மூடி. உனக்கு எல்லாம் மறந்துவிட்டதா என்று நினைத்தேன். அந்தச் செயின் தார் றோட்டில் ஏறுகிற சத்தம் கேட்டால் அம்மா விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள். நீயும் என் பக்கத்தில்தான் கிடந்தாய். அப்படிப்பட்டவன் காசு கொடுத்து அதை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தப்போகிறானே என்று இரண்டு நாள் வீட்டில் யாருடனும் கதைக்கவில்லை.

மனம் மாறியது மாசியில், தம்பலகாமத்தில். நேரம் தப்பிப் பெய்த மழையில் நெல்லு லொறி ஒன்று வயலோரம் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தார்கள். அவற்றின் சில்லுகள் தங்களுக்கே குழி தோண்டியதுதான் மிச்சம். நான் போய், எங்களுக்கு வேலை பழக்கிய பெரிய பாஸ் காட்டித் தந்தபடி நாலடி ஆழத்தில் குழி வெட்டி, ஒரு பனங்குற்றியைக் குறுக்கே புதைத்து, அதில் செயின் புளொக்கை, கையால் இழுக்கிற சங்கிலிக் கப்பியை, மாட்டினேன். விரற்கடை விரற்கடையாக இழுத்தோம். பொழுதுபடத் தொடங்கிய வேலை, லொறி மேட்டில் ஏறும்போது சாமம். கையைக் கழுவும்போது உன் படம் ஞாபகம் வந்தது. வண்டியின் பின்பக்கம் இரண்டு பெரிய மண்வெட்டி மாதிரித் தொங்குகிறதே, அது என் பனங்குற்றி மச்சான்! மண்ணில் குத்தி வண்டி தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டுதான் மற்றதை இழுக்கிறது.

அன்றிரவே உன் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். சம்சன் பீரங்கி வண்டி இல்லை. தற்காப்புக்கு ஒரு இயந்திரத் துப்பாக்கி மட்டும், அதையும் விற்க முன் கழற்றிவிடுவார்கள். 1982இல் ஃபோக்லாந்துச் சண்டைக்குப் பிரித்தானியாவின் எட்டு இலகு டாங்கிகள் போனபோது, சேற்றில் இறங்கினால் இழுத்தெடுக்க இது ஒன்றுதான் கூடப் போனது. அந்த வேலைக்குச் செய்த வண்டியென்றால் எனக்குச் சரி. இங்கே ஒரு தனி ஆள் இப்படி ஒன்றை வைத்திருப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உனக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது, வாங்கு. ஆனால் படம் பிடிக்க மட்டும் வாங்காதே. வின்ச், அதுதான் கம்பியைச் சுற்றி இழுக்கிற உருளை, வேலை செய்யாத சம்சன் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்த்து மயங்காதே, நீ மயங்குகிற ஆள். உடம்பு அலுமினியம். பழைய வண்டிகளில் வெல்டிங் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு வரும். டோர்ச் அடித்து விரலால் தடவிப் பார். எஞ்சின் ஜகுவாரா கம்மின்ஸா என்று கேள். ஜகுவார் என்றால் 4.2 லீற்றர் பெற்றோல், உன் சம்பளத்தைக் குடித்துவிடும். டீசல் மாற்றியதைத் தேடு. செயின் ஊசிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, றப்பர் பட்டைகள் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார். பிரித்தானிய றோட்டில் ஓட்டச் செயின் வண்டிக்கான எச் லைசென்ஸ் வேண்டும், அதையும் முதலிலேயே எடுத்துவிடு.

வின்ச் கம்பியை முழுக்க வெளியே இழுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதே. புதிதாக இருந்தபோது 229 மீற்றர். வெளிச் சுற்று பளபளவென்று இருக்கும், உள்ளே துரு பிடித்திருக்கும். கப்பி போட்டு நாலு மடிப்பாக்கினால் 12 தொன் வரை இழுக்கும், ஆனால் எட்டுவது 57 மீற்றர்தான், வேகமும் நாலில் ஒன்று. பெரிய பாஸ் துறைமுகத்தைக் காட்டிச் சொல்வாரே, 1944 ஆவணியில் வேலியன்ட் போர்க்கப்பலைத் தூக்கும்போது, கப்பல் திருத்துகிற மிதக்கும் தளம் உடைந்து தாழ்ந்த கதை, பாரத்தைத் தூக்குகிறவன் தன் பலத்தை மட்டும் கணக்குப் பார்க்கக்கூடாது என்று. அது எனக்கு இப்போதுதான் சரியாக விளங்குகிறது.

கடையை மகனிடம் பாதி விட்டுவிட்டேன். முழங்கால் நோ. உன்னிடமிருக்கிற பதின்மூன்றாம் நம்பர் ஸ்பனர் இன்னும் எனக்கு வேண்டும்.

முதல் தடவை இழுக்கிற அன்று கம்பிக்கு மேலே ஈரச் சாக்குப் போடு, பிள்ளைகளைக் கம்பி நீளத்துக்கும் அப்பால் நிறுத்து. கம்பி அறுந்து அடித்த மொட்டையின் காலை நீயும் பார்த்தவன்.

அன்புடன்,
உன் கூட்டாளி