ஐடி டீமுக்கு ஒரு திறந்த மடல்: அந்த 15 நிமிஷ ரூலை கொஞ்சம் பாருங்க

ஹெட் ஆபீஸ் ஐடி டீம் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். பிராஞ்ச் அக்கவுண்ட்ஸ்ல இருந்து எழுதறேன். ரிமோட் சர்வர்ல 15 நிமிஷம் கை வைக்கலேன்னா வேலையை மூடி வெளிய தள்ளற ரூலைப் பத்தி ரெண்டு தடவ டிக்கெட் (புகார்) போட்டேன், ரெண்டையும் "ரிசால்வ்டு"னு மூடிட்டீங்க, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இப்படி எழுதறேன், கோச்சுக்காதீங்க.

போன மாசம் 19ஆம் தேதி, மறுநாள் ஜிஎஸ்டி 3பி, அதாவது மாசாந்திர ரிட்டர்ன் போட கடைசி நாள். ரிமோட் சர்வர்ல எக்செல் திறந்து 2பி டேட்டாவையும் (சப்ளையர்கள் காட்டின பில் லிஸ்ட்) நம்ம பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் வச்சு பில் பில்லா ஒத்துப் பாத்துட்டு இருந்தேன், நடுவுல ஒரு சப்ளையர் போன் பண்ணி அவர் போட்ட தப்பு பில்லுக்கு என்கிட்டயே சண்டை போட்டாரு, அவரை சமாதானப்படுத்தி வச்சுட்டு திரும்பினா ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. திரும்ப லாகின் பண்ணா புது டெஸ்க்டாப், எக்செல் போச்சு. ஆட்டோ ரெகவரில ஏதோ பழைய காப்பி கிடைச்சுது, அதுல பாதி வேலை இல்ல. அன்னிக்கு வீட்டுக்கு போக மணி 11.

நானும் முன்னாடி 4 வருஷம் சிஸ்டம் சர்வீஸ்ல இருந்தவன்தான், அதனால என்ன நடந்திருக்கும்னு தெரியும். குரூப் பாலிசில (எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்துலேர்ந்து விண்டோஸ் ரூல் போடற இடம்), ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டுக்கு கீழ, செஷன் டைம் லிமிட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்குல்ல, அதுல ஐடில் லிமிட், அதாவது எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம்ங்கறதை, 15 நிமிஷம் வச்சிருக்கீங்க. அது கூட பரவால்ல. அதே இடத்துல "டைம் லிமிட் முடிஞ்சா செஷனை எண்ட் பண்ணு"ன்னு இன்னொண்ணு இருக்கு பாருங்க, அதையும் எனேபிள் பண்ணிட்டீங்க. வினை அங்கதான்.

அது ஆஃப்ல இருந்தா 15 நிமிஷத்துல டிஸ்கனெக்ட் மட்டும்தான் ஆகும், அதாவது கடை ஷட்டரை இறக்கிட்டு டீ குடிக்க போற மாதிரி, உள்ள சரக்கு வச்சது வச்ச இடத்துல இருக்கும், திரும்ப வந்து விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். ஆன் பண்ணா லாக் ஆஃப், திறந்திருக்கறது எல்லாம் மூடிடும், சரக்கை தெருவுல கொட்டிட்டு கடையை பூட்டற கதை. 2 நிமிஷம் முன்னாடி வார்னிங் வருதேன்னு சொல்வீங்க. வருது, இல்லேன்னு சொல்லல, ஆனா போன்ல கத்திட்டு இருக்கறவன் அதை எங்க பாக்கறது?

இன்னொரு கொடுமை, ஐடில்னா வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல, கீபோர்டு மவுஸ் தொடலன்னுதான் அர்த்தம். எங்க வருஷ ஸ்டாக் ரிப்போர்ட் ஓடி முடிய 35 நிமிஷம் ஆகுது, அந்த நேரம் பூரா சர்வர் மாங்கு மாங்குன்னு உழைக்குது, பாலிசி கண்ணுக்கு மட்டும் நாங்க தூங்கறோம். அதனால இங்க ஒருத்தர் நோட்பேடை திறந்து வச்சு ஸ்பேஸ்பார் மேல ஸ்டேப்ளரை வச்சுட்டு சாப்பிட போறாரு. உங்க செக்யூரிட்டிக்காக போட்ட ரூலு, இப்ப ஸ்கிரீன் லாக் கூட ஆகாம மதியம் பூரா தொறந்து கிடக்குது.

எங்க தப்பும் இருக்கு, ஒத்துக்கறேன். நாங்க சைன் அவுட் பண்ணாம மேல இருக்கற எக்ஸை அமுக்கிட்டு வீட்டுக்கு போயிடறோம், அது வெறும் டிஸ்கனெக்ட்தான், டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு லிமிட் எதுவும் போடலேன்னா அது பாட்டுக்கு நாள் கணக்குல ரேமை தின்னுட்டு கிடக்கும். யார் யார் செஷன் இருக்குன்னு காட்டற கியூயூசர் கமாண்டை நீங்க அடிச்சு பாத்தப்ப டிஸ்க் டிஸ்க்னு (டிஸ்கனெக்டட்னு அர்த்தம்) வரிசையா நின்னிருக்கும், கடுப்புல எல்லாத்துக்கும் சேத்து ஒரே போடா போட்டுட்டீங்க போல.

ஆனா அதுக்கு மருந்து வேற. டிஸ்கனெக்டட் செஷனுக்குன்னே தனி லிமிட் இருக்கே, அதுல 2 மணி நேரம் வைங்க. ராத்திரி எவன் எக்ஸ் அமுக்கிட்டு போனாலும் 2 மணி நேரத்துல சர்வரே தானா கூட்டி பெருக்கிடும். அதுக்காக அதையும் 1 நிமிஷம்னு வச்சிடாதீங்க சாமி, இங்க கரண்ட் போனா கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கு, மோடத்துக்கு இல்ல, நெட் திரும்ப வர 5 நிமிஷமாவது ஆகும். எண்ட் செஷனை டிஸேபிள் பண்ணுங்க, ஐடில் லிமிட் 15 நிமிஷமே இருந்துட்டு போகட்டும், டிஸ்கனெக்ட் ஆனாலும் ரிப்போர்ட் உள்ள ஓடிட்டே இருக்கும்.

எல்லா டிபார்ட்மெண்டுக்கும் மாத்த முடியாதுன்னா, இதே செட்டிங்ஸ் யூசர் கான்ஃபிகரேஷன்லயும் இருக்கு, எங்க அக்கவுண்ட்ஸ் லாகின் ஐடிக்கு மட்டும் அங்க தனியா போடலாம். ஆனா கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்ல இப்ப இருக்கறதை எடுக்காம போட்டீங்கன்னா கம்ப்யூட்டர் சைடுதான் ஜெயிக்கும், அப்புறம் "மாத்திட்டோமே"ன்னு மூணாவது டிக்கெட்டையும் மூடுவீங்க.

இன்னொண்ணு, சின்னது. ஒரு யூசருக்கு ஒரே செஷன்னு வச்சிருக்கீங்க, நல்லதுதான், ஆனா ஸ்டோர்ஸ்ல ரெண்டு பேருக்கு ஒரே லாகின் ஐடி குடுத்திருக்கீங்க. ஒருத்தர் உள்ள வந்தா இன்னொருத்தர் வெளிய விழறாரு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மியூசிக்கல் சேர். ஆளுக்கொரு ஐடி குடுத்துடுங்க.

பாலிசி தானா வந்து சேர 90 நிமிஷம், அதுக்கு மேல அரை மணி வரைக்கும் கூட இழுக்கும்னு தெரியும், பரவால்ல காத்திருக்கோம். மாத்தினதும் ஒரு மெயில் மட்டும் போடுங்க, எல்லாரையும் ஒழுங்கா சைன் அவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வர சொல்றேன். 20ஆம் தேதிக்கு முன்னாடின்னா ரொம்ப புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
பிராஞ்ச் அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தன்