மருமகனுக்கு இஸ்மாயில் என்றே பேர் வையுங்கள்

தோஹா

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் பிள்ளையும் நல்லபடியாக ராயபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அம்மா போனில் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். போட்டோ பார்த்தேன், மூக்கு அப்படியே நம் அத்தா மூக்கு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேர் வைப்பதில் இழுபறி என்று கேள்விப்பட்டேன். அம்மா நம் தாத்தா இஸ்மாயில் நன்னா பேரை வைக்கச் சொல்கிறார்கள், மாப்பிள்ளை இஸ்மாயில் என்றால் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், புதிதாக ஏதாவது வைக்கலாம் என்கிறார். போனில் பேசினால் ஆளுக்கு ஆள் குறுக்கே வருவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அவர் சொல்வது உண்மைதான். மண்ணடியில் நன்னா வீட்டுத் தெருவிலேயே கறிக்கடை இஸ்மாயில், டெய்லர் இஸ்மாயில், மீன்பாடி இஸ்மாயில் என்று தொழிலை முன்னால் சேர்த்துத்தானே கூப்பிடுவார்கள். நன்னா ஹார்பர் இஸ்மாயில். ஆனால் எனக்கு அந்தப் பேர் வேண்டும் என்று தோன்றுவதே அத்தனை பேர் இருப்பதால்தான். இங்கே வந்த பிறகு இன்னும் அதிகமாகத் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே, சனையா என்று சொல்வார்கள், கம்பெனிகளும் லேபர் கேம்ப்புகளும் உள்ள இடம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து மணியிலிருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம், அதனால் விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவோம். அந்த நேரத்தில் டீ கொடுப்பவர் ஒரு இஸ்மாயில், மலப்புறத்துக்காரர். சைட்டில் எஞ்சினியர் இஸ்மாயில், எகிப்து. சூயஸ் கால்வாய் ஓரத்தில் இஸ்மாயிலியா என்று ஒரு ஊர் இருக்கிறது, எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷா பேரில் 1863-ல் உண்டானது, அந்த ஊரிலேயே பிறந்தவர். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி செனகல்காரர், அவர்கள் வழக்கில் இஸ்மாயிலா. கால்பந்து என்றால் உயிர், அவர்கள் நாட்டு ஆட்டக்காரர் இஸ்மாயிலா சார் கோல் போட்டால் அன்றைக்கு முழுக்க எல்லாருக்கும் சலாம் சத்தமாக வரும். கால்பந்தே கதியென்று கிடக்கும் நம் வியாசர்பாடிப் பையன்களைப் பற்றிச் சொன்னேன், இந்தியாவில் இப்படி ஒரு இடமா என்று ஆச்சரியப்பட்டார். ஷட்டரிங் வேலையில் பங்களாதேஷ் இஸ்மாயில் ஒருவர், அதிகம் பேசமாட்டார்.

எஞ்சினியர் சாதாரணமாக கேட்டில் நிற்பவரிடம் நின்று பேசுகிற ஆள் இல்லை. ஒருநாள் செக்யூரிட்டியின் சட்டையில் இருந்த பேரைப் படித்துவிட்டு நின்றார். ஒருவருக்கு அரபி, ஒருவருக்கு பிரெஞ்சு, நடுவில் உடைந்த இங்கிலீஷ். அன்றிலிருந்து தினமும் காலையில் கைகொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். அந்தப் பேரை வைத்து யார் பணக்காரர், யார் எந்த நாடு, யார் என்ன படித்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மலப்புறத்துக்காரர் கதையைக் கேட்டால் நீ அழுதுவிடுவாய். அவருக்கு ஊர் மஞ்சேரி. நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த தமிழர், 1962, 1967, 1971 மூன்று தேர்தலிலும் மக்களவைக்கு ஜெயித்தது அந்த மஞ்சேரியில்தான். இவர் பிறந்தது அந்தக் கடைசித் தேர்தல் நடந்த வருஷம், தாத்தா முஸ்லிம் லீக்கின் ஏணிச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அவர் பேரையே பேரனுக்கு வைத்துவிட்டாராம். நான் நம் நன்னாவைப் பற்றிச் சொன்னேன். 1972 ஏப்ரலில் காயிதே மில்லத் மௌத்தானபோது ஹார்பரில் அன்றைய கூலியை விட்டுவிட்டு, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வரைக்கும் நடந்தே போய் கூட்டத்தில் நின்றதை எத்தனை தடவை சொல்லியிருப்பார், ‘என் பேர்க்காரர்’ என்றுதானே எப்போதும் சொல்வார். டீக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. இப்போதும் ஜும்ஆ முடிந்து பார்த்தால், உன் நன்னாவுக்கு துஆ செய்தேன் என்பார்.

இன்னொரு பேர்க்காரரையும் நன்னா விடமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? நீதிபதி மு.மு. இஸ்மாயில். நாகூர்க்காரர், நன்னா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஹைகோர்ட்டில் தலைமை நீதிபதியாக இருந்தவர். எமர்ஜென்சியில் சென்னை ஜெயிலில் கைதிகளை அடித்ததை விசாரித்த கமிஷனும் அவருடையதுதான். அதோடு கம்பராமாயணத்தில் ஊறியவர், கம்பன் கழகத்தை நடத்தியவர். மூட்டை தூக்கிய நன்னாவுக்கும் ஹைகோர்ட் நீதிபதிக்கும் ஒரே பேர், நன்னா அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கணும்.

மாப்பிள்ளை லேத் பட்டறைக்காரர் ஆயிற்றே, அவருக்கு ஒன்று. எஞ்சினியர் சொன்னார், இஸ்மாயில் அல்-ஜசாரி என்று ஒருவர், 1206-ல் எழுதி முடித்த புத்தகத்தில் தண்ணீர் இறைக்கும் யந்திரத்துக்கு கிராங்க் வைத்துப் படத்தோடு விளக்கியிருக்கிறார். யானை வடிவத்தில் ஒரு கடிகாரமும் செய்திருக்கிறார், துபாயில் ஒரு மாலில் அதன் மாதிரியை வைத்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் கிராங்க் ஷாஃப்ட் கடைகிறவர் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் எங்கே கிடைக்கும்?

ஒரு கஷ்டம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பொதுவான பேர் என்பதால் எங்கேயோ எவனோ செய்ததற்கு இந்தப் பேர்க்காரர்கள் பதில் சொல்ல வேண்டி வருகிறது. எஞ்சினியர் வீட்டுக்கு அனுப்பிய பணத்தை, பேர் ஏதோ பட்டியலில் ஒத்துப்போகிறது என்று ஒரு இடத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள், அவர் அலைந்து பாஸ்போர்ட், பிறந்த தேதி எல்லாம் காட்டித்தான் விடுவித்தார். அதற்காகப் பேரை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை, எழுதுவதைச் சரியாக எழுதினால் போதும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் போட்டு விட்டுவிடாதே, பிள்ளை பேர், மாப்பிள்ளை பேர் இரண்டும் முழுசாக, ஆதாரில் இருக்கிற அதே எழுத்தில் இருக்கட்டும். 2022 நவம்பரில் அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் விடமாட்டோம் என்றபோது நம் ஆட்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பேரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் காசில்லை, தள்ளிப் போடாதே.

ஏழாம் நாள் பிள்ளை பேரில் ஆடு அறுக்கும் அகீகாவுக்கு இரண்டு ஆட்டுக்கான பணம் அம்மா கணக்கில் போட்டுவிட்டேன். ஒரு பங்கு கறி மீன்பாடி இஸ்மாயில் பாய் வீட்டுக்குப் போகணும், அவருக்கு இப்போது உடம்பு முடியவில்லையாம். முடி எடுத்து அந்த எடைக்கு வெள்ளி தர்மம் கொடுப்பதை மறந்துவிடாதீர்கள். மாப்பிள்ளை சம்மதித்தால் அன்றைக்கே போன் பண்ணு, ஹஜ்ரத் காதில் பேர் சொல்லும்போது நானும் போனில் கேட்கணும். சம்மதிக்கவில்லை என்றால் அவரையே என்னிடம் பேசச் சொல்லு.

வஸ்ஸலாம்,
உன் அண்ணன்